ஊர் திரும்பும் தேதியை எது குறிக்க வேண்டும்: குலசேகரம் பகுதிக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடலாமா என்ற பேச்சை ஒருவர் எடுத்தால், கன்னியாகுமரி மாவட்டத்தில் அவரிடம் முதலில் கேட்கப்படுவது எவ்வளவு சேர்த்திருக்கிறார் என்பதுதான். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இப்படித் திரும்புகிற குடும்பங்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். சேர்ந்த தொகையைப் பார்த்துத் தேதி குறித்தவர்களில் பலர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மறுபடியும் விசா தேடிப் போனதையும், பிள்ளைகளின் வகுப்பையும் ஊரில் மாதாமாதம் வரக்கூடிய வருமானத்தையும் வைத்துத் தேதி குறித்தவர்கள் குறைந்த பணத்தோடு வந்தும் நிலைத்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகைக் குடும்பம் ஒன்று 2022 முதல் 2024 வரை எடுத்த முடிவுகளை, அவற்றின் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன். குடும்பத்தார் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயரையும் ஊரையும் மட்டும் விட்டிருக்கிறேன்.

குடும்பமும் வீடும்

கணவர் 2007-இல் சவுதி அரேபியாவின் ஜுபைல் நகருக்கு எலக்ட்ரீஷியனாகப் போய், ஒரே நிறுவனத்தில் நின்று மின் மேற்பார்வையாளராக உயர்ந்தவர். மனைவி பி.எட். முடித்தவர், திருமணத்துக்குப் பின் அவரும் ஜுபைலில்தான் இருந்தார். திட்டம் தொடங்கிய 2022-இன் தொடக்கத்தில் மகள் ஆறாம் வகுப்பிலும் மகன் முதல் வகுப்பிலும் அங்குள்ள இந்தியப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். எழுபது வயதைக் கடந்த கணவரின் தாயார் மட்டும் குலசேகரத்துக்கும் அருமனைக்கும் இடைப்பட்ட ஊரில், கணவர் 2015-இல் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார்.

அந்த வீடு குடும்பத்தின் சேமிப்பில் பெரும்பங்கை விழுங்கியிருந்தது. பன்னிரண்டு சென்ட் நிலத்தில் மாடியோடு 2,100 சதுர அடி. தாயார் புழங்கியதோ கீழே இரண்டு அறையும் அடுக்களையும் மட்டுமே. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. ஆள் புழங்காத மாடி ஆண்டில் பாதி நாள் ஈரத்திலேயே கிடந்தது. 2022 ஜூலையில் கணவர் விடுப்பில் வந்து மாடியைத் திறந்தபோது நானும் உடன் இருந்தேன். பலாமரக் கதவு ஊதி நிலையோடு இறுகியிருந்ததால் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அலமாரியின் பின்பலகையை விரலால் அழுத்தியதும் விரல் உள்ளே போனது. கரையான் உள்ளே தின்றுவிட்டு மேற்பூச்சை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. மொட்டைமாடியின் வடிகுழாய் வாயில் பாசி அடைத்திருந்ததால், தேங்கிய தண்ணீர் சுவருக்குள் இறங்கிய வழி நெடுக வெளிப்பூச்சு கறுத்துக் கிடந்தது. சரிசெய்ய ஒன்றரை லட்சம் ரூபாய் ஆனது. திரும்புவதற்குப் பத்தாண்டு முன்பே முழு வீட்டையும் கட்டி முடிப்பவர்கள், குடியேறும்போது பத்தாண்டு பழைய வீட்டில்தான் குடியேறுகிறார்கள். இன்னும் கட்டாதவர்களிடம், இப்போதைக்குக் கீழ்த்தளம் போதும், மாடிக்கு அடித்தளத்தில் பலம் மட்டும் விட்டு வையுங்கள் என்றே சொல்லி வருகிறேன்.

தேதியைக் குறித்தது எது

கணவரின் மனத்தில் இருந்த தேதி 2028. அதுவரை இருந்தால் ஒரு கோடி ரூபாய் சேர்ந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். அதைத் தாளில் எழுதிப் பார்த்தபோது, முதல் பக்கத்திலேயே தட்டியது சவுதி அரசின் குடும்ப லெவி. உடன் இருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று 2017 ஜூலையில் தொடங்கிய அந்தக் கட்டணம், ஆண்டுக்கு 100 ரியாலாக ஏறி 2020-இல் 400-இல் வந்து நின்றது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என மூவருக்கு மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400 ரியால். ரியாலுக்கு 22 ரூபாய் வைத்தால் மூன்று லட்சத்துக்கும் மேல். குடும்ப வாடகையும் பள்ளிக் கட்டணமும் இதற்கு மேலே. பிள்ளைகள் வளர வளரச் செலவு ஏறும், சம்பளம் அந்த வேகத்தில் ஏறாது என்பதை வைத்துப் பார்த்தால், கடைசி ஐந்து ஆண்டில் சேரக்கூடிய தொகை அவர் நினைத்ததில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஆனாலும் முடிவைத் திருப்பியது பணக்கணக்கு அல்ல, மகளின் வகுப்புக் கணக்கு. அதை எடுத்துச் சொன்னவர் மனைவி. 2028 வரை காத்திருந்தால் மகள் பன்னிரண்டாம் வகுப்பை ஜுபைலிலேயே முடித்துவிடுவாள். ஊருக்கு வந்த கையோடு கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள். தாயும் தகப்பனும் எந்த வீட்டுக்காக உழைத்தார்களோ அந்த வீட்டில் அவள் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போவாள். இதில் சட்டப் பக்கமும் உண்டு. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில், 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் பிறப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளியே படித்தவர்கள் அதை வாங்கி இணைக்க வேண்டும். சிபிஎஸ்இ பள்ளிகளில் 9, 10 வகுப்புகளும் 11, 12 வகுப்புகளும் ஈராண்டுப் படிப்பாகக் கருதப்படுவதால், 10-இலும் 12-இலும் நடுவில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே இந்தக் குடும்பத்துக்குத் திறந்திருந்த வாசல்கள் மூன்று: எட்டுக்கு முன், ஒன்பதுக்கு முன், பத்து முடிந்த பின். எட்டுக்கு முன் என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது 2023 ஏப்ரல்.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சபலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்குள்ள பள்ளிகளுக்கு இந்தப் பக்கத்திலிருந்து வேன் வந்து போகிறது. ஜுபைலில் இரண்டாம் மொழியாக மலையாளம் எடுத்த பிள்ளைகளுக்கு அது எளிதாகவும் படும். ஆனால் அப்படிச் சேர்த்தால், வீடு தமிழ்நாட்டிலும் படிப்பு வேறு மாநிலத்திலும் ஆகி, மேலே சொன்ன சான்றுத் தொல்லை மறுபடியும் வந்து சேரும். இந்தக் குடும்பம் மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளியையே நாடியது.

அங்கே எதிரே நின்றது தமிழ். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, பத்தாம் வகுப்பு வரை தமிழைப் பாடமாகப் படிக்காமல் இங்கே ஒதுங்க முடியாது. மகள் வீட்டில் தமிழ் பேசுவாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஒரு பத்தி பிழையின்றி எழுத வராது. மனைவி அதை ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடவில்லை. ஊரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவரை ஏற்பாடு செய்து, 2022 ஏப்ரல் முதலே மாலைதோறும் வீடியோ அழைப்பில் இரண்டு பிள்ளைகளுக்கும் பாடம் தொடங்கிவிட்டார். எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் மகள் தமிழில் வாங்கியது 41. வேற்று மொழியில் ஏழாண்டு படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அது நல்ல மதிப்பெண் என்பதே என் கருத்து. முன்கூட்டிய அந்த ஓராண்டு இல்லையென்றால் அவள் பள்ளியையே வெறுத்திருப்பாள்.

மனைவியும் பிள்ளைகளும் 2023 ஏப்ரலில் வருவது, கணவர் 2024 நவம்பரில் வருவது என்று தேதிகள் எழுதப்பட்டன. குடும்பத்தைப் பிரித்து வைக்கும் திட்டங்களுக்கு நான் பொதுவாக உடன்படுவதில்லை. 'இன்னும் ஒரு வருடம்' என்று தொடங்கிப் பத்தாண்டு நீண்டவை எத்தனையோ. இங்கே உடன்பட்டதற்குக் காரணம், பிரிவின் முடிவுநாள் முதலிலேயே எழுதப்பட்டதும், அந்த இடைக்காலத்துக்கென்று மூன்று வேலைகள் குறிக்கப்பட்டதும்தான்: வீட்டுக் கடனைக் குறைப்பது, ஊரில் செய்யப்போகும் தொழிலைக் கற்பது, தகப்பனார் பெயரில் கிடந்த நிலத்தைப் பிரிப்பது.

தகப்பனார் பெயரில் கிடந்த விளை

தகப்பனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும், 1 ஏக்கர் 90 சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) அவர் பெயரிலேயே இருந்தது. வாரிசுகள் தாயார், மஸ்கட்டில் இருக்கும் அண்ணன், நாகர்கோவிலில் இருக்கும் அக்கா, இவர் என நால்வர். யாருக்குள்ளும் சண்டை இல்லை. சண்டை இல்லாததால்தான் யாரும் பத்திரம் எழுதவும் இல்லை.

பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணைந்ததற்கு முந்தைய, திருவிதாங்கூர்க் காலத்து ஆவணம் அது. மலையாளத்தில், கொல்லம் ஆண்டு 1118 என்று தேதியிட்டு எழுதப்பட்டிருந்தது. நாம் புழங்கும் கணக்கில் 1942-43. எல்லை சொல்லும் இடத்தில், கிழக்கே தோடு (ஓடை), வடக்கே இன்னாரின் புரையிடம் (வீட்டுமனை), தெற்கே ஒரு பெரிய புளி. புளி இப்போது இல்லை. தோடும் இடம் மாறி ஓடுகிறது. மலையாளம் வாசிக்கத் தெரிந்த பத்திர எழுத்தரிடம் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கி, இப்போதைய புல எண்ணோடு பொருத்தி, சர்வேயரை அழைத்து அளந்த பிறகுதான் பரப்பு உறுதியானது. வெளிநாட்டிலிருந்து முப்பது நாள் விடுப்பில் வருகிறவர், இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு கோயில் கொடைக்கும் நடுவே செய்து முடிக்கிற வேலை அல்ல இது. அளப்பதை ஒரு விடுப்பிலும் பதிவை அடுத்த விடுப்பிலும் என்று முன்பே பிரித்து வைத்தது உதவியது.

மஸ்கட்டில் உள்ள அண்ணன் அக்காவுக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தார். வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளித்து வாங்க வேண்டும். இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வையும் செலுத்தியாக வேண்டும். நண்பர் ஒருவர் கையில் கொடுத்துவிட்ட அந்தப் பத்திரம், பதிவு அன்று எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா வீட்டுப் பீரோவிலேயே இருந்து கெடு தாண்டிவிட்டது. அண்ணன் மறுபடியும் தூதரகத்துக்கு அலைந்து இன்னொன்று எழுதி அனுப்பினார். 2024 ஜனவரியில் பாகப்பிரிவினை பதிவானது: அண்ணனுக்கு 60 சென்ட், சாலை ஓரத்து 20 சென்ட் அக்காவுக்கு, மீதி 1 ஏக்கர் 10 சென்ட் இவருக்கு. விளைச்சலில் ஒரு பகுதியைத் தாயாருக்குத் தருவதாகப் பத்திரத்திலேயே எழுதச் சொன்னேன். பிள்ளைகள் நல்லவர்கள் என்பதால் அது வேண்டாம் என்று தாயாரே தடுத்தார். நல்லவர்கள் என்பதால்தான் எழுத முடிகிறது என்று சொல்லி எழுத வைத்தோம்.

இதற்கிடையில் 2022-இல் பக்கத்து விளை 80 சென்ட் விலைக்கு வந்தது. "அடுத்த விளை மக்களே, கைவிட்டுப் போனா பொறவு கெடைக்காது" என்று சித்தப்பா விடாமல் சொன்னார். ஆனால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் விவசாய நிலமோ தோட்ட நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வருவதைப் பெற்றுக்கொள்ளலாம். மனைவியும் அப்போது ஜுபைலில் இருந்ததால் அவர் பெயருக்கும் இதே தடை. தாயார் பெயரில் வாங்கு என்று சிலர் யோசனை சொன்னார்கள். தம்பியின் பணம் தாயின் பெயரில் நிலமாக மாறினால், நாளைக்கு அது அண்ணனுக்கும் அக்காவுக்கும் பங்குள்ள சொத்து. ஒரு சொத்தைப் பிரிக்க இத்தனை பாடுபடுகிற குடும்பம், பிரிக்க வேண்டிய இன்னொன்றை விலைக்கு வாங்குவது முறையல்ல என்று நான் அழுத்திச் சொன்னேன். நிலம் வேறொருவருக்குப் போனது. சித்தப்பாவுக்கு இன்றும் அந்த வருத்தம் உண்டு. நான் சொன்னதில் எனக்கு மாற்றமில்லை.

ஜுபைலில் முடித்தவை

பதினேழு ஆண்டுச் சேவைக்கு, வேலையை முடிக்கும்போது நிறுவனம் தர வேண்டிய சர்வீஸ் பணத்தில்தான் பெரிய வித்தியாசம் கிடந்தது. சவுதித் தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு முழு மாதச் சம்பளம். பத்தாண்டு கடந்தவர் தானே ராஜினாமா செய்தாலும் முழுத் தொகையும் உண்டு. நிறுவனம் முதலில் காட்டிய கணக்கு அடிப்படைச் சம்பளமான 4,500 ரியாலை வைத்துப் போடப்பட்டிருந்தது: 65,250 ரியால். சட்டம் சொல்வதோ கடைசியாக வாங்கிய முழுச் சம்பளம். வீட்டுப்படி, போக்குவரத்துப்படி சேர்த்து அவருக்கு 6,500. அப்படிப் போட்டால் முதல் ஐந்து ஆண்டுக்கு 16,250, அடுத்த பன்னிரண்டு ஆண்டுக்கு 78,000, ஆக 94,250 ரியால். வித்தியாசம் 29,000. சண்டைக்குப் போகாமல், ஒப்பந்தத்தின் நகலையும் கடைசி ஆண்டின் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து எழுத்தில் கேட்டார். இரண்டு கடிதத்துக்குப் பிறகு முழுத் தொகையும் கிடைத்தது. புறப்படும் நேரத்து அவசரத்தில் வந்ததை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுபவர்கள் ஏராளம். ஃபைனல் எக்ஸிட், அதாவது நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகும் அனுமதி, அடித்த பிறகு ஊரிலிருந்து கேட்டு வாங்குவது மிகக் கடினம். கணக்கை ஆறு மாதம் முன்பே கேட்டு வாங்குங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

இகாமா என்ற குடியிருப்பு அனுமதி முடிந்தால் அங்குள்ள வங்கிக் கணக்கும் முடங்கிவிடும் என்பதால், பணம் கணக்கில் ஏறி ஊருக்கு அனுப்பிய பிறகே டிக்கெட் எடுத்தார். கார் விற்பனை, போக்குவரத்து அபராதம், போன் ஒப்பந்தம் போன்றவை கடைசி இரண்டு மாதத்தில் முடிந்தன. பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழுக்கு மேலொப்பம் வாங்கும் வேலையை மனைவி 2023-லேயே முடித்திருந்தார். அனுபவச் சான்றைக் கணவர் கையோடு வாங்கிக்கொண்டார்.

சாமான் விஷயத்தில் அவர் எடுத்த முடிவு எலக்ட்ரீஷியனுக்கே உரியது. சவுதி மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அங்கே வாங்கிய பிரிட்ஜும் ஏசியும் இங்கே ஓடினாலும் மோட்டார் வேகம் குறைந்து சூடேறும் என்று சொல்லி, அவற்றை அங்கேயே விற்றுவிட்டார். கார்கோவில் வந்தது புத்தகங்களும் துணிகளும் அவருடைய அளவுக் கருவிகளும்தான்.

பணம் போன வழி

வந்த அன்று கையில் இருந்தது, என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்கு) வைப்பில் 19 லட்சம், சர்வீஸ் பணம் 20 லட்சத்து 70 ஆயிரம், ஆக 39 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். ஒரு கோடி என்று எண்ணியவருக்கு இது குறைவாகத் தெரிந்தது. ஆகவே இதை மொத்தமாகப் பார்க்காமல், எந்தத் தொகை எந்த வேலையைச் செய்யும் என்று பிரித்தோம். வீட்டுக் கடனில் மீதி இருந்த 5 லட்சம் உடனே அடைக்கப்பட்டது. 15 லட்சம் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கணவன் மனைவி கூட்டுக் கணக்காகப் போனது, 7.4 சதவீதத்தில் மாதம் 9,250 ரூபாய். பதின்மூன்றரை லட்சம் வங்கி வைப்பில் இருந்து மாதம் 8,000 ரூபாய் அளவுக்குத் தருகிறது. தொழிலுக்கு 3 லட்சம். மழை மாதங்களுக்கென்று தொடாமல் வைக்க இரண்டரை லட்சம். மீதி 70 ஆயிரம் வந்து இறங்கிய செலவு.

நிரந்தரமாகத் திரும்பியவர் என்ஆர்இ கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குத் தெரிவித்து உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், அதன்பின் அதன் வட்டிக்கு வரிவிலக்கும் இல்லை. யாரும் கேட்கவில்லையே என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் உண்டு. அது பின்னால் தலைவலியாக முடியும். அஞ்சலக மாத வருமானக் கணக்கும் உள்நாட்டில் குடியிருப்பவருக்கு மட்டுமே உரியது என்பதால், இந்த மாற்றம் முடிந்த பிறகே அதைத் தொடங்கினார்கள். வருமான வரியில், இவரைப் போல நீண்ட காலம் வெளியே இருந்தவர்களுக்கு அடுத்த இரண்டு நிதியாண்டுகள் வெளிநாட்டு வருமானத்துக்குச் சலுகை உண்டு. இவருக்கு அங்கே வருமானம் எதுவும் மீதியில்லாததால் அது தேவைப்படவில்லை.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். வேலை முடிந்த அன்றே நிறுவனத்தின் காப்பீடும் முடிந்துவிடும். நாற்பதைக் கடந்தவர், இரத்த அழுத்தம் உள்ளவர். ஊருக்கு வந்து புதிதாகப் பாலிசி எடுத்தால் முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் ஓட வேண்டும். அது இப்போது அதிகபட்சம் 3 ஆண்டு, 2024-க்கு முன் 4 ஆண்டு. ஆகவே 2022-லேயே, அவர் ஜுபைலில் இருக்கும்போதே, இந்திய நிறுவனம் ஒன்றில் குடும்பப் பாலிசி எடுக்க வைத்தேன். இரத்த அழுத்தம் இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதினோம். தேவைப்படாத காலத்தில் எதற்குப் பிரீமியம் என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான்; அந்தப் பிரீமியம் காத்திருப்புக் காலத்தை அங்கேயே கழிப்பதற்கான விலை. இந்தத் திட்டத்தில் செய்த செலவுகளிலேயே மிகப் பயனுள்ளது இது என்று நினைக்கிறேன்.

தொழில்

ரப்பரை நம்பி வரலாம் என்று முதலில் ஓர் எண்ணம் இருந்தது. 1 ஏக்கர் 10 சென்ட், ஏறத்தாழ 200 மரம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 600 கிலோ ஷீட் (உலர்த்திய ரப்பர் தகடு) என்று வைத்தாலும் மொத்தம் 660 கிலோ. பால் வெட்ட ஆள் கிடைப்பதே பெரும்பாடாகி, பாதிப்பங்குக்கு விட்டிருப்பதால் இவர் பங்கு 330 கிலோ. கிலோ 180 ரூபாய் என்றால் மாதம் 5,000 ரூபாய் தேறும். அதுவும் இலையுதிரும் மாதங்களிலும் அடைமழையிலும் வெட்டு நின்றுவிடும். 2011-இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட், 2016-இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே கிடந்ததைப் பார்த்த ஊர் இது. ரப்பரைக் குடும்பத்தின் உபரி வருமானமாக மட்டும் எழுதினோம்.

மார்த்தாண்டத்தில் சூப்பர் மார்க்கெட் வைக்கலாம் என்ற யோசனையை ஒரே மாலையில் கைவிட்டோம். அந்தத் தொழில் அவருக்குத் தெரியாது. தெரிந்தது மின்சாரம். மார்த்தாண்டத்தில் கூரைச் சூரிய மின்தகடு பொருத்தும் உரிமம் பெற்ற ஒருவரோடு, விடுப்பில் வந்தபோதெல்லாம் சம்பளம் இல்லாமல் ஏறி இறங்கி வேலை பார்த்தார். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூர்யா கர் திட்டம் வந்து, 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆனதும் ஊரில் கேட்பவர்கள் கூடினார்கள். பதிவு பெற்ற நிறுவனம் பொருத்தினால்தான் மானியம் என்பதால், இவர் தனிக் கடை போடாமல் அவரோடு சேர்ந்தே செய்கிறார்.

இவருக்கென்று தனி இடம் கிடைத்தது கடலோரத்தில். குளச்சல் பக்கம் ஒரு வீட்டு மொட்டைமாடியில் இரண்டே ஆண்டு ஆன அமைப்பைப் பார்க்கப் போனோம். தகட்டுச் சட்டத்தைத் தாங்கிய இரும்புக் காலில், போல்ட் இறங்கும் துளையைச் சுற்றித் துரு அடுக்கடுக்காகப் பொருக்குக் கட்டியிருந்தது. அவர் சாவி முனையால் கீறியதும் ஒரு செதில் பெயர்ந்து கையோடு வந்தது. அலுமினியச் சட்டமும் சாதா இரும்பும் உப்புக்காற்றில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லி, நடுவே ரப்பர் வளையம் வைத்து, 316 ரகத் துருப்பிடிக்கா போல்ட்டுகளுக்கு மாற்றினார். ஜுபைலும் கடலோரத் தொழில்நகரம். பதினேழு ஆண்டு அவர் போராடியது இதே உப்புக்காற்றோடுதான். கடலோர ஊர்களிலிருந்து இப்போது பராமரிப்புக்கென்றே அவரை அழைக்கிறார்கள். முதல் ஆண்டில் மாதச் சராசரி 18,000 ரூபாய். மழை மாதங்களில் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் வந்து சேர்ந்தது

கணக்கில் எழுத முடியாத சிக்கல் கணவர் வந்த பிறகுதான் தொடங்கியது. பத்தொன்பது மாதம் அந்த வீட்டை மனைவியும் தாயாரும் நடத்தியிருந்தார்கள். பால் வெட்டுக்காரரிடம் எந்த நாளில் பணம் கொடுப்பது, மகனை எத்தனை மணிக்கு எழுப்புவது, எந்தக் கல்யாணத்துக்கு யார் போவது எல்லாம் ஓர் ஒழுங்கில் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் முதல் வாரத்திலேயே தண்ணீர் மோட்டாரை இடம் மாற்றினார். வெட்டுக்காரரிடம் பங்கைப் பற்றிப் பேசினார். அந்த வெட்டுக்காரர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மனைவி என் முன்னிலையிலேயே சொன்னார்: "லீவுக்கு வந்த மாதிரி எல்லாத்தையும் ஒரு மாசத்துல சரியாக்கப் பாக்காதீங்க. இனி இங்கதான இருக்கப் போறீங்க."

ஊரார் கேள்வியும் சேர்ந்துகொண்டது. "எப்பம் வந்த, எப்பம் போற?" என்பது வெளிநாட்டுக்காரரை வழியில் பார்த்தால் கேட்கிற வழக்கமான விசாரிப்பு. இனிப் போகவில்லை என்றால், என்ன ஆயிற்று என்று குரல் தாழ்கிறது. வேலை போய்விட்டதா, உடம்புக்கு ஏதாவதா என்று தாயாரிடமே கேட்டிருக்கிறார்கள். கொடைக்கும் சடங்குக்கும் சவுதிக்காரர் வீட்டுக் கணக்கில் எழுதப்படுகிற தொகை குறையவில்லை. முதல் நான்கு மாதம் அவர் கல்யாண வீடுகளைத் தவிர்த்தார். அவருடைய தொழில் கூரைகளில் தெரியத் தொடங்கிய பிறகே இந்தப் பேச்சு அடங்கியது. வருமானத்துக்காக மட்டுமன்றி, காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போக ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவும், திரும்புவதற்கு முன்பே தொழிலை உறுதி செய்துகொள்ளச் சொல்கிறேன்.

ஓராண்டுக்குப் பின்

மனைவி 2023 ஜூன் முதல் ஒரு நோட்டில் வீட்டுச் செலவை எழுதி வருகிறார். கணவர் வருமுன் மாதச் சராசரி 41,000, இப்போது 44,000. வரவு, மனைவியின் பள்ளிச் சம்பளம் 12,000 சேர்த்து, சராசரி 52,000-ஐச் சற்றுத் தாண்டுகிறது. ரப்பரும் சூரிய மின்தகடும் சேர்ந்து நிற்கும் மாதங்களில் வரவு 29,000-க்குச் சற்று மேலே நின்றுவிடுவதால், 15,000 அளவுக்கு விழும் துண்டை மழை மாத ஒதுக்கீடு ஏற்கிறது. இந்த ஆண்டில் அதிலிருந்து எடுத்ததைக் கோடைக்காலத்தில் திரும்பப் போட்டுவிட்டார்கள். மாடியில் ஓர் அறை இப்போது மகளுடைய படிப்பறை. பட்டா மாற்றத்தில், தோட்டை ஒட்டிய ஆறு சென்ட்டின் எல்லை இன்னும் தீராமல் இருக்கிறது. மறு அளவைக்கு மனு கொடுத்திருக்கிறார்கள்.

மஸ்கட்டில் உள்ள அண்ணன் அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவருக்கு இதே கணக்கு பொருந்தாது. ஓமானின் 2023-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சேவைப் பணத்தை அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடுகிறது. அவருடைய மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருப்பதால் பத்து முடியும் 2027 மார்ச்சுக்கு முன் நகர வழியில்லை. அவர் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் அவருடைய தாளைத் தொடங்குவோம்.